கார் இன்ஷூரன்ஸ் புதுப்பித்தல்: பேரம் பேசக்கூடியது எது, கூடாதது எது?

மோட்டார் வண்டி இன்ஷூரன்ஸ் பற்றி நெசவாளர்களும் விவசாயிகளும் படிக்கும் கூட்டுறவுப் பத்திரிகையில் எழுதுவானேன் என்று சில அன்பர்கள் வினவக்கூடும். கார் என்பது மிராசுதார் வீட்டுப் பொருளாயிருந்த காலம் கடந்துவிட்டது. உறுப்பினரின் மகன் சென்னையில் வேலை பார்க்கிறான். தவணையில் கார் வாங்கியிருக்கிறான். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்கு அதில்தான் வருகிறான். துணி மூட்டைகளையும் விளைபொருள்களையும் கொண்டுசெல்லச் சங்கங்கள் சிலவும் சொந்தமாக வண்டி வைத்துள்ளன. இவர்கள் யாவரிடமிருந்தும் நாம் கேட்கும் முறையீடு ஒன்றே: “வண்டி ஆண்டுக்கு ஆண்டு பழசாகிறது, பிரீமியம் மட்டும் ஏறுகிறதே, இது என்ன நியாயம்?”

இக்கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல இயலாது. பிரீமியம் என்பது ஒரே தொகையன்று. இரண்டு வெவ்வேறு சரக்குகளின் விலை ஒரே சீட்டில் கூட்டி எழுதப்படுகிறது. ஒன்றின் விலை அரசாங்கம் விதிப்பது; அதில் பேரம் செல்லாது. மற்றொன்றின் விலை கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். அதில் விசாரிக்காமல் பணம் கட்டுகிறவர் வீணாக இழக்கிறார். சீட்டைப் பிரித்துப் படிக்கத் தெரிந்துகொள்வதே முதல் வேலை.

மூன்றாம் நபர் காப்பு

நம் வண்டி மோதி வேறொருவர் இறந்தாலோ காயமுற்றாலோ அவருக்கு, அல்லது அவர் குடும்பத்துக்கு, நஷ்டஈடு கொடுக்கும் பொறுப்பை ஏற்பது மூன்றாம் நபர் காப்பு. 1939 ஆம் ஆண்டு மோட்டார் வண்டிச் சட்டத்தில் இதைக் கட்டாயமாக்கிய அத்தியாயம் 1946 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இப்போதுள்ள 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 146 ஆவது பிரிவும் இதையே விதிக்கிறது. 2019 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், இக்காப்பின்றி வண்டி ஓட்டினால் முதல் முறை ரூ. 2,000, மறுமுறை ரூ. 4,000 அபராதம், மூன்று மாதம் வரை சிறைவாசமும் விதிக்கலாம்.

இதன் விலையைக் கம்பெனிகள் நிர்ணயிப்பதில்லை. எஞ்சின் அளவு 1,000 கன சென்டிமீட்டருக்கு மேல் 1,500 வரையுள்ள சொந்தக் காருக்கு 2018-19 இல் ரூ. 2,863 ஆக இருந்தது. 2019 ஜூனில் ரூ. 3,221 ஆயிற்று, 2022 ஜூன் 1 முதல் வந்த பட்டியலில் ரூ. 3,416. சிறிய கார்களுக்கு அப்பட்டியலில் ரூ. 2,094, 1,500 க்கு மேற்பட்டவற்றுக்கு ரூ. 7,897. பாலிசி எடுக்கும் நாளில் நடப்பிலுள்ள அறிவிப்பே செல்லும். எந்தக் கம்பெனிக்குப் போனாலும் இத்தொகை ஒன்றுதான். “எங்களிடம் மூன்றாம் நபர் பிரீமியம் குறைவு” என்று யாரேனும் சொன்னால், அவர் கொடுக்கும் காகிதத்தையே சந்தேகிக்க வேண்டும்.

இது ஏன் ஏறுகிறது என்பதை நம் உறுப்பினர்கள் வேறு கண் கொண்டும் பார்க்க வேண்டும். விபத்தில் இறந்தவரின் குடும்பத்துக்கு எவ்வளவு கொடுப்பது என்பதை மோட்டார் விபத்துத் தீர்ப்பாயம் முடிவு செய்கிறது. அந்த அளவைக் கம்பெனி கொடுத்தாக வேண்டும். 2017 அக்டோபர் 31 அன்று பிரணய் சேத்தி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு ஒரு முக்கியமான தீர்ப்பை அளித்தது. மாதச் சம்பளம் இல்லாது சொந்தத் தொழில் செய்தவர் இறந்தாலும், அவர் உயிரோடிருந்தால் வருவாய் உயர்ந்திருக்கும் என்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டும். 40 வயதுக்குட்பட்டவராயின் வருவாயுடன் 40 சதவிகிதமும், 40 முதல் 50 வரை 25 சதவிகிதமும், 50 முதல் 60 வரை 10 சதவிகிதமும் கூட்டிக் கணக்கிட வேண்டும் என்பது அத்தீர்ப்பு. கைத்தறி நெசவாளரும் சிறு விவசாயியும் இந்த வகையில் அடங்குவோரே. சைக்கிளின் பின்புறம் பாவு கட்டிச் செல்லும் நெசவாளரைக் கார் ஒன்று மோதிவிட்டால், அவருடைய மனைவி மக்களுக்கு ஆதாரம் அந்தக் காருக்குரிய மூன்றாம் நபர் பாலிசிதான். கார் வைத்திருப்போர் செலவென்று சலித்துக்கொள்ளும் தொகை, கார் இல்லாதவர்களுக்குச் சேர வேண்டிய பணம். இதில் நாம் குறை சொல்ல விரும்பவில்லை.

புதுக் கார் வாங்கியவர்களுக்கு இன்னொரு விஷயம். சாலை விபத்துகள் பற்றிக் கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த வழக்கில் 2018 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவின்படி, 2018 செப்டம்பர் 1 முதல் புதுக் காருக்கு மூன்று ஆண்டுகளுக்கும் புது இருசக்கர வண்டிக்கு ஐந்து ஆண்டுகளுக்கும் மூன்றாம் நபர் காப்பை ஒரே முறையில் எடுத்துவிட வேண்டும். இதனால் கார்க்காரர்கள் இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் வண்டியின் சொந்தச் சேதத்துக்கு மட்டும் கட்டிப் பழகிவிடுகிறார்கள். நான்காம் ஆண்டில் மூன்றாம் நபர் தொகையும் சேர்ந்து வரும்போது பிரீமியம் திடீரென்று இருமடங்காகிவிட்டதாகத் திகைக்கிறார்கள். அது விலையேற்றமன்று, விட்டுப்போன பாதி திரும்பி வந்தது.

பேரம் பேசக்கூடிய பகுதி

நம் வண்டிக்கே ஏற்படும் சேதத்துக்கும் திருட்டுக்கும் உரியது சொந்தச் சேதக் காப்பு. இதன் விலையும் ஒரு காலத்தில் எங்கும் ஒன்றாகவே இருந்தது. 1973 ஜனவரியில் ஜெனரல் இன்ஷூரன்ஸ் தொழில் தேசியமயமானபோது 107 கம்பெனிகள் நான்காக இணைக்கப்பட்டன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா கம்பெனியில் அன்று இணைந்தவற்றுள் நான்கு கூட்டுறவு இன்ஷூரன்ஸ் சங்கங்களும் உண்டு என்பதை நம் இயக்கத்தார் நினைவில் வைப்பது நலம். கட்டண ஆலோசனைக் குழு வகுத்த பட்டியலே அந்நாளில் நான்கு கம்பெனிகளுக்கும் விலைச்சீட்டு. 2007 ஜனவரி 1 அன்று சொந்தச் சேதப் பிரிவில் இந்த விலைக்கட்டு நீங்கிற்று. ஆயினும் நம் பெரியவர்கள் பலர் “எங்கே கட்டினாலும் ஒரே காசுதானே” என்று இன்றும் சொல்கிறார்கள். அது பழைய பட்டியல் காலத்துப் பேச்சு.

கணக்காகவே பார்ப்போம். சென்னை கே.கே. நகரில் உள்ள மேற்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில், டி.என். 09 என்ற எண் வரிசையில், ஆறாண்டுகளுக்கு முன் பதிவான ஒரு காரை எடுத்துக்கொள்வோம். எஞ்சின் 1,197 கன சென்டிமீட்டர். இன்ஷூரன்ஸ் மதிப்பு ரூ. 3,50,000, அதாவது வண்டி முழுவதும் அழிந்தாலோ திருட்டுப் போனாலோ கம்பெனி கணக்கில் எடுக்கும் தொகை. 2002 ஆம் ஆண்டு மோட்டார் கட்டணப் பட்டியலின்படி இத்தகைய வண்டிக்கு அடிப்படை விகிதம் 3.447 சதவிகிதம், ஆகவே ரூ. 12,064. இதில் ஒரு கம்பெனி 40 சதவிகிதம் கழிவு தருவதாகக் கொள்வோம், மீதம் ரூ. 7,239. உரிமையாளர் பல ஆண்டுகளாக நஷ்டஈடு கோராதவராயின் கோரிக்கையின்மைச் சலுகை 50 சதவிகிதம், நிகரம் ரூ. 3,619. மூன்றாம் நபர் தொகை ரூ. 3,416 சேர்த்து, 18 சதவிகிதம் சரக்கு சேவை வரியும் கூட்டினால் ரூ. 8,302.

அதே வண்டிக்கு, அதே மதிப்புக்கு, வேறொரு கம்பெனி 70 சதவிகிதம் கழிவு தருமானால் மொத்தம் ரூ. 6,166 தான். கழிவு விகிதங்கள் உதாரணத்துக்காக நாம் வைத்துக்கொண்டவை. ஆனால் கம்பெனிகளுக்கிடையே இவ்வளவு தூரம் இருப்பது அபூர்வமன்று. ஒரு பிற்பகல் விசாரித்தால் ரூ. 2,136 மிச்சம்.

சென்னைப் பதிவு எண் என்பதால்தான் பிரீமியம் அதிகம், ஊரில் பதிவு செய்திருந்தால் குறையும் என்று ஒரு பேச்சு உண்டு. பட்டியலில் சென்னை உள்ளிட்ட எட்டு பெருநகரங்கள் ஒரு மண்டலம். மற்ற ஊர்களெல்லாம் இன்னொரு மண்டலம். மேற்சொன்ன காருக்கு விகிதம் 3.447 க்குப் பதில் 3.351 ஆகும். வித்தியாசம் ரூ. 336; கழிவும் சலுகையும் போக ஏறக்குறைய ரூ. 100. இதற்காக விலாசத்தை மாற்றிச் சொல்லுவது வீண் வம்பு.

குறைத்த மதிப்பு என்னும் கண்ணி

விலை குறைத்துக் காட்டச் சிலர் கையாளும் வழி ஒன்றை உறுப்பினர்கள் நன்கு அறிந்துகொள்ள வேண்டும். வண்டியின் மதிப்பை ரூ. 3,50,000 லிருந்து ரூ. 2,50,000 ஆகக் குறைத்து எழுதிவிடுவார்கள். முதற்கம்பெனியின் அதே 40 சதவிகிதக் கழிவிலேயே பிரீமியம் வரியுடன் சுமார் ரூ. 1,220 குறைந்துவிடும். கட்டுபவருக்கு மகிழ்ச்சி. வண்டி திருட்டுப் போகும் அன்றுதான், ரூ. 1,220 மிச்சப்படுத்த ரூ. 1,00,000 காப்பைக் கைவிட்டது தெரியவரும். ஐந்தாண்டு வரை மதிப்புக் குறைவுக்குப் பட்டியல் உண்டு: இரண்டாம் ஆண்டில் 20, மூன்றாம் ஆண்டில் 30, நான்காம் ஆண்டில் 40, ஐந்தாம் ஆண்டில் 50 சதவிகிதம். அதற்கு மேற்பட்ட வண்டிகளுக்குக் கம்பெனியும் உரிமையாளரும் பேசி முடிவு செய்வது. ஆகவேதான் பழைய வண்டியில் இக்கண்ணி எளிதில் விழுகிறது. விலை கேட்கும்போது மதிப்பை நாமே சொல்லி, “இந்த மதிப்புக்கு உங்கள் விலை என்ன?” என்று எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்க வேண்டும். நூல் வாங்கும்போது சிட்டத்தின் எடையும் நம்பரும் ஒன்றாயிருந்தால்தானே விலையை ஒப்பிடுகிறோம்?

கோரிக்கையின்மைச் சலுகை 20, 25, 35, 45, 50 என்று ஆண்டுக்கு ஆண்டு படியேறுவது. இது வண்டிக்குரியதன்று, உரிமையாளருக்குரியது. கம்பெனி மாறினாலும் கூட வரும். காரை விற்றுவிட்டால் பழைய கம்பெனியிடம் சலுகைச் சான்று எழுதி வாங்கி வைத்து, மூன்று ஆண்டுகளுக்குள் வாங்கும் வேறு காருக்குப் பயன்படுத்தலாம். கே.கே. நகர் அலுவலகத்தில் பெயர் மாற்றத்துக்கு வந்து நிற்போரில் எத்தனை பேர் இச்சான்றைக் கேட்டு வாங்குகிறார்கள் என்பது ஐயமே.

இச்சலுகையை மனத்தில் கொண்டுதான் சிறு சேதங்களுக்கு நஷ்டஈடு கேட்பதா என்று முடிவு செய்ய வேண்டும். மேற்கண்ட காரில் பின்பக்கம் நசுங்கி ரூ. 5,000 செலவென்று வைப்போம். 1,500 கன சென்டிமீட்டர் வரையுள்ள காருக்கு முதல் ரூ. 1,000 எப்படியும் நம்முடையது. பிளாஸ்டிக் பாகத்தில் பாதி தேய்மானமாகக் கழியும். கைக்கு வருவது ரூ. 2,000 அல்லது சற்று அதிகம். அதற்கு ஈடாக 50 சதவிகிதச் சலுகை மறு ஆண்டே சுழியாகும். மீண்டும் 20 லிருந்து ஏறி 50 க்கு வர ஐந்து முறை புதுப்பிக்க வேண்டும். அடிப்படைத் தொகை மாறாதிருந்தால் அதற்குள் இழப்பு வரியுடன் ரூ. 10,000 ஐத் தாண்டும். வண்டி மதிப்பு இறங்குவதால் உண்மையில் சற்றுக் குறையும். அப்போதும் ரூ. 2,000 க்கு ஏற்ற வியாபாரமன்று.

கூடுதல் காப்புகள்

புதுப்பித்தல் சீட்டில் கேளாமலே சேர்ந்திருக்கும் கூடுதல் காப்புகளில்தான் பிரீமியம் ஓசையின்றி ஏறுகிறது. வழியில் உதவி, சாவி தொலைந்தால் பணம், உள்ளிருக்கும் பொருளுக்குக் காப்பு என்று வரிசையாக இருக்கும். பெரும்பாலானவற்றை அடித்துவிடலாம் என்பது நம் அபிப்பிராயம். தேய்மானமில்லாக் காப்பு புது வண்டிக்குப் பயனுள்ளது. ரப்பர், பிளாஸ்டிக், டயர், பாட்டரி ஆகியவற்றுக்குச் சாதாரணப் பாலிசி பாதி விலையே தரும்.

கே.கே. நகர்வாசிகள் அடிக்கக் கூடாத ஒன்று எஞ்சின் காப்பு. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு கரை புரண்டு ஜாபர்கான்பேட்டை, ஈக்காட்டுத்தாங்கல் முதலிய இடங்களை மூழ்கடித்தது யாவரும் அறிந்ததே. மீண்டும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் நகரத்தின் பல பகுதிகள் நீரில் நின்றன. வெள்ளச் சேதம் சாதாரணச் சொந்தச் சேதப் பாலிசியிலேயே அடங்கும். ஆனால் நீரில் நின்ற வண்டியை உரிமையாளர் சாவி திருப்பி இயக்கப் பார்த்து, எஞ்சினுக்குள் நீர் ஏறி அது உடைந்தால், அதை வெள்ளத்தின் நேர்ச் சேதமாகக் கம்பெனிகள் ஏற்பதில்லை. எஞ்சின் காப்பு இருந்தால்தான் பணம். நீர் வடிந்த பின்னும் வண்டியை இயக்காமல், கம்பெனிக்குத் தெரிவித்து, இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்வதே முறை. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்தவுடன் வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் கார்களை வரிசையாக நிறுத்தி வைத்தார்களல்லவா? அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. பிரீமியம் இல்லாத நல்ல காப்பு அது. மேட்டு நிலத்துக் கிராமத்தில் வண்டி நிறுத்துகிறவருக்கு இந்தக் கூடுதல் காப்பு அவ்வளவு அவசியமில்லை.

உரிமையாளர் தாமே ஓட்டும்போது நேரும் விபத்துக்கான ரூ. 15 இலட்சம் காப்பு கட்டாயமானது. ஆனால் 2019 ஜனவரி முதல் இதைத் தனியாகவும் எடுக்கலாம். வேறொரு வண்டியின் பாலிசியிலோ தனி விபத்துப் பாலிசியிலோ ரூ. 15 இலட்சம் ஏற்கெனவே இருப்பின், ஒவ்வொரு வண்டிக்கும் திரும்பத் திரும்பக் கட்ட வேண்டியதில்லை. காரும் ஸ்கூட்டரும் வைத்திருப்போர் பலர் இரு முறை கட்டி வருகிறார்கள்.

சங்கங்களின் காரியதரிசிகள் இங்கே கவனிக்க. உரிமையாளர் ஒரு தனிமனிதராயின்தான் இக்காப்பு பொருந்தும். பதிவு பெற்ற சங்கம் சட்டப்படி ஒரு நிறுவனம். அதன் பெயரிலுள்ள வண்டிக்கு உரிமையாளர்-ஓட்டுநர் காப்பு செல்லாது. சங்க வண்டியின் கோப்பைப் புரட்டும்போது நாம் முதலில் தேடுவது இந்த வரியையே. அதற்குப் பதில், சம்பளம் பெறும் டிரைவருக்கான சட்டப் பொறுப்புக் காப்பு சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குப் பழைய பட்டியலில் ஓர் ஆளுக்குச் சிறு தொகைதான்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. சொந்தக் கார் பாலிசி, வாடகைக்கு ஓட்டுவதையும் சரக்கு ஏற்றுவதையும் விலக்குகிறது. மாதிரித் துணிகளும் பயணப் பெட்டிகளும் போகலாம்; விற்பனைக்கான சேலை மூட்டைகளும் காய்கறிக் கூடைகளும் போகலாகாது. அவற்றை ஏற்றிச் சென்று விபத்து நேர்ந்தால் கம்பெனி தகராறு செய்ய இடம் கொடுத்ததாகும். சரக்கு வண்டிக்குப் பிரீமியம் அதிகமென்று சொந்தக் காரிலேயே சரக்கு ஏற்றுவது நமக்கு உசிதமாகப் படவில்லை.

எப்போது, எவ்வாறு கேட்பது

பாலிசி முடியும் தேதிக்கு ஒரு மாதம் முன்பே விசாரிக்கத் தொடங்க வேண்டும். கடைசி நாளில் வண்டி விற்றவரின் அலுவலகத்திலிருந்து வரும் தொலைபேசிக்கு “சரி” என்பவர் கட்டுவதே பெரும்பாலும் அதிக விலை. வண்டி விற்பனையாளர் மூலம்தான் எடுக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. கம்பெனிக் கிளை, ஏஜெண்டு, ஒப்பிட்டுக் காட்டும் இணைய நிறுவனம் என்று மூன்று இடத்தில், ஒரே மதிப்புக்கு, ஒரே காப்புகளுக்குக் கேட்க வேண்டும். குறைந்த விலையைப் பழைய கம்பெனியிடமே காட்டினால் அவர்கள் இறங்கி வருவதும் உண்டு. 2019 செப்டம்பர் முதல் சொந்தச் சேதக் காப்பைத் தனியாகவும் எடுக்கலாம் என்பதால், மூன்றாம் நபர் பாலிசி ஒரு கம்பெனியிலும் மற்றது வேறு கம்பெனியிலும் இருப்பதில் தடையில்லை. விலையோடு பக்கத்துப் பழுதுபார்க்கும் கடைக்காரரையும் கேளுங்கள். எந்தக் கம்பெனியின் சர்வேயர் உடனே வருகிறார், எது இழுத்தடிக்கிறது என்பதை அவர் அறிவார்.

நல்ல விலைக்காகக் காத்திருந்து தேதியைத் தவறவிடுவதுதான் எல்லாவற்றிலும் கேடு. சலுகையைக் காப்பாற்ற 90 நாள் அவகாசம் உண்டு என்று கேள்விப்பட்டு, காப்புக்கே 90 நாள் அவகாசம் என்று சிலர் எண்ணிவிடுகிறார்கள். பாலிசி முடிந்த மறு நிமிடமே வண்டிக்குக் காப்பில்லை. அந்த இடைவெளியில் ஓர் உயிர் போனால் தீர்ப்பாயம் விதிக்கும் நஷ்டஈடு உரிமையாளரின் வீட்டையும் நிலத்தையும் தேடி வரும்.

பாலிசி கைக்கு வந்ததும் அதிலுள்ள கியூ.ஆர். கட்டத்தைக் கைபேசியால் படித்து, கம்பெனியின் பதிவோடு எண் ஒத்திருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். நஷ்டஈட்டில் தகராறு நேர்ந்தால் முதலில் கம்பெனிக்கு எழுத்து மூலம் முறையிடுக. ஒரு மாதத்தில் பதில் வராவிடினும், வந்த பதில் திருப்தி அளிக்காவிடினும், ஓராண்டுக்குள் சென்னை தேனாம்பேட்டை அண்ணா சாலையிலுள்ள இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளர் அலுவலகத்துக்கு மனுச் செய்யலாம். கட்டணமில்லை, வக்கீலும் வேண்டியதில்லை. ரூ. 50 இலட்சம் வரையுள்ள கோரிக்கைகளை அவர் விசாரிக்கிறார். இவ்வழி தனிநபர்களின் பாலிசிகளை உத்தேசித்து ஏற்பட்டது. சங்கத்தின் பெயரிலுள்ள வண்டியாயின் நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். அச்சட்டம் கூட்டுறவுச் சங்கத்தையும் ஒரு ‘நபர்’ என்றே கொள்கிறது.